கழற்றவும் பழக வேண்டும்

சேவைக்கென்று கடல் கடக்கும் செவிலியருக்கு மனம் முந்திக்கொண்டு ஓடும். கைகள்தான் நிதானம் பழக வேண்டும். 2014-இல் எபோலா பரவிய சியரா லியோனுக்கும் லைபீரியாவுக்கும் புறப்பட்டவர்கள், பாதுகாப்பு உடையை அணிய மட்டுமல்ல, கழற்றவும் திரும்பத் திரும்பப் பயிற்சி எடுத்தார்கள். ஆபத்து கழற்றும்போதுதான் அதிகம். ஒவ்வொரு படிக்கும் குளோரின் நீரில் கை கழுவ வேண்டும். பக்கத்தில் ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். வியர்வையில் தொப்பலாக நனைந்தவருக்கு அனைத்தையும் பிய்த்தெறியத்தான் தோன்றும். அந்த அவசரத்தில் கண்ணில் பட்ட விரல் ஒன்றே போதும், நோய் தொற்ற. தன்னைக் காத்துக்கொள்வது சுயநலமோ என்று சிலர் கூசுகிறார்கள். கூசவே வேண்டாம். செவிலியரே படுத்துவிட்டால், அந்த வார்டில் நாக்கு வறண்டு கிடப்பவருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலை யார் புகட்டுவது?