ஓரறிவுயிரின் வாட்டம்

முட்டுக்காட்டில் உப்பங்கழிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்து வீடுகளில் மணி பிளான்ட்டின் இலை உட்புறமாகச் சுருளுமானால், முதலில் கிணற்று நீரின் உவர்ப்பையே ஐயுற வேண்டும். தொட்டி மண்ணில் உப்பு மிகுந்தால் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச இயலாது, இலை தன் பரப்பைச் சுருக்கி நீரிழப்பைக் குறைத்துக்கொள்கிறது. அடித்துளை வழியே வடியுமளவு மழைநீரை ஊற்றி மண்ணைக் கழுவுவதே இதற்கு மருத்துவம். இதில் அறச்சிக்கல் ஏதுமில்லை.

இலையைத் திருப்பிப் பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அடிப்புறத்தில் மெல்லிய நூலிழைகளும் ஊசிமுனையளவில் ஊரும் புள்ளிகளும் தென்பட்டால், அவை சாறுண்ணும் சிலந்திப்பேன்கள். உயிர்களைப் புலனறிவின் எண்ணிக்கையால் வகுக்கும் தொல்காப்பிய மரபியல், புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர், அதாவது தொடுவுணர்வு மட்டுமே உடையவை என்றும், எறும்பை மூவறிவுயிர் என்றும் கொள்கிறது. சமணமும் இத்தகைய வரிசையை ஏற்று, புலன் மிகுந்த உயிரைக் கொல்வதைப் பெருந்தீவினையாகக் கருதுகிறது. இவ்வளவுகோலின்படி, செடியைக் காக்கப் பேன்மீது வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிப்பது தலைகீழான நீதி. ஆயினும், காட்டிலிருந்து பிரித்துத் தொட்டியில் அடைக்கப்பட்ட செடிக்கு நட்டவரையன்றி வேறு புகலில்லை என்பதால், அவர் அதற்குப் பட்ட கடனை அறிவின் எண்ணிக்கை தள்ளுபடி செய்துவிடாது என்பதே வலுவான வாதம். ஆகவே முதலில் நீரைப் பீய்ச்சி இலையடியைக் கழுவி, சில நாள் பொறுத்துப் பார்த்து, புதுத்தளிரும் சுருண்டே வரும்போதுதான் வேப்பெண்ணெயைக் கையிலெடுக்க வேண்டும்.