நிந்தையைக் கேட்கலாமோ?

தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் ஸ்ரீநரசிம்ஹ ஜயந்தியை ஒட்டி ஆண்டுதோறும் பாகவத மேளா நடைபெற்று வருவதை ஆஸ்திக அன்பர்கள் அறிவர். தஞ்சையை ஆண்ட அச்யுதப்ப நாயக்கர் 510 பிராமணக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் தானமளித்துக் குடியேற்றிய ஊர் அது. அவ்வூர் வேங்கடராம சாஸ்திரிகள் தெலுங்கில் இயற்றிய ப்ரஹ்லாத சரித்ரமே இவ்விழாவின் உயிர்நாடி. வேஷம் தரிப்போர் கூத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். ஊர்க் குடும்பங்களின் ஆண்மக்களே பெண் வேஷங்களையும் ஏற்பர். வெளியூரில் உத்தியோகம் பார்ப்போரும் அந்நாளுக்கென்று ஊர் திரும்புவர்.

இரவெல்லாம் நடக்கும் அந்நாடகத்திற்குக் குடும்பம் குடும்பமாக வந்தமர்வார்கள். கோணங்கியைக் கண்டு சிரித்த குழந்தை, யானைமுகம் தரித்து வரும் பாலகனைக் கண்டதும் கைகூப்பும். தெலுங்கு அறியாத பேரனுக்குப் பாட்டி காதோடு பொருள் சொல்வாள். கணவனுக்கும் மகனுக்கும் நடுவே லீலாவதி தவிக்கையில் அவள் பேச்சும் நின்றுவிடும். பிறகு ஹிரண்யகசிபு வந்து ஸ்ரீஹரியை வாய்க்கு வந்தபடி ஏசுவான். மேடையோ ஸ்ரீவரதராஜப் பெருமாள் ஸந்நிதிக்கு நேர் எதிரில் இருக்கிறது! 'பெருமாளை இந்த மாமா இப்படித் திட்டலாமா, பாட்டி?' என்று பேரன் கேட்டால் என்ன விடை சொல்வது?

எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. ராஜஸூய யாகசாலையில் சிசுபாலன் கண்ணனை நிந்தித்தபோது, சபையோர் பலர் காதைப் பொத்திக்கொண்டு வெளியேறினர் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். பகவந்நிந்தையைக் கேட்டும் அவ்விடம் விட்டு அகலாதவன் கீழ்நிலை அடைவான் என்றும் அங்கேயே கூறுகிறது. அப்படியிருக்கக் குழந்தைகளோடு பாய் விரித்து அமர்ந்து அதைக் கேட்பது தகுமோ?

'நாடகந்தானே' என்பது விடையாகாது. நரசிம்ஹ முகம் மட்டும் நாடகமன்று என்று அதனை வழிபட்டு, அதைத் தரிப்பவர் உபவாசமிருந்து, ஆவேசத்தில் அவரைப் பலர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே! ஒருவருடைய வேஷம் ஸத்யம், மற்றவருடையது பொய் என்று பிரித்தால் கதை நிற்குமோ? தூணிலிருந்து எம்பெருமான் வெளிப்படுவதற்கு, அத்தூணை நோக்கி 'எங்கே அவன்?' என்று கேட்கும் ஒருவன் வேண்டும்.

இதே ஐயம் தர்மபுத்திரருக்கும் எழுந்தது. சிசுபாலன் உடலினின்று கிளம்பிய ஜோதி கண்ணனிடம் கலந்ததைக் கண்டு திகைத்த அவர், நிந்தித்த வேனன் நரகம் புக, நிந்தித்த இவனுக்கு இந்த கதியா என்று நாரதரை வினவினார். அதற்கு விடையாகவே ஸப்தம ஸ்கந்தத்தில் ப்ரஹ்லாத சரித்ரம் பிறந்தது. ஹிரண்யனும் ராவணனும் சிசுபாலனும் ஒருவனே, வைகுண்டத்து வாயிற்காப்போனாக நின்று சாபத்தால் மூன்று பிறவி பகைவனாக வந்தவன், என்றார் நாரதர். அதாவது ஹிரண்யனே ஒரு வேஷம். அந்த வேஷத்திலும் இரவும் பகலும் அவன் நினைத்தது ஒருவனையே. வேனனுக்கோ அன்புமில்லை, அச்சமுமில்லை, இடைவிடாத பகையுமில்லை. ஹிரண்யன் கர்ஜிக்கையில் அடுத்த வீட்டு வரன் விஷயம் பேசிக்கொண்டிருப்போரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

இதனால் நமக்கெல்லாம் நிந்தை அனுமதிக்கப்பட்டதென்று கொள்ளலாகாது. ஸ்வாமியின் வாயிற்காப்போன் ஏற்ற பாத்திரம் எல்லாருக்கும் உரியதன்று. அவ்வூர் மனிதர் அதை ஓரிரவு சுமக்கிறார். எதிரே எழுந்தருளியிருக்கும் பெருமாள் அன்று தூணுக்குள்ளிருந்து கேட்ட சொற்களையே மறுபடியும் கேட்கிறார்.

ஆயினும் பேரனுடைய கேள்வி வீணன்று. வரம் கேள் என்று எம்பெருமான் வற்புறுத்தியபோது, ராஜ்யத்தையோ மோக்ஷத்தையோ ப்ரஹ்லாதன் கேட்கவில்லை. தேவரீரை நிந்தித்த பாபம் என் தகப்பனாரைப் பற்றாதிருக்க வேண்டும் என்றே பிரார்த்தித்தான். உன்னைப் பெற்றதனாலேயே அவன் தன் முன்னோர் இருபத்தொரு தலைமுறையோடு தூய்மை பெற்றுவிட்டான் என்று அருளினார் பெருமாள். பாட்டி இதைச் சொல்ல வேண்டிய கட்டம் வருவதற்குள் பொழுது புலரத் தொடங்கிவிடும். கேட்டவன் அவள் மடியிலேயே உறங்கிப் போயிருப்பான்.