ஆடு தொடாத செடி

கீழ்பென்னாத்தூரில் வேலி கட்டாமல் தோட்டம் போட்டால் அது ஆட்டுக்குப் போட்ட தீவனம்தான். கடலை பிடுங்கி முடிந்ததும் அவிழ்த்துவிடுகிற ஆடுகள் செம்பருத்தியையும் முருங்கைக் கன்றையும் மிச்சம் வைப்பதில்லை. எங்கள் வீட்டில் குளியலறைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் நிற்கும் விஷமூங்கிலை மட்டும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

மூங்கிலுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 1753-இல் லின்னேயஸ் பெயர் சூட்டிய கிரைனம் ஏசியாட்டிகம் இது; நம் நாட்டுச் செடி. நர்சரிகளில் ஸ்பைடர் லில்லி என்று விற்பது பெரும்பாலும் ஹைமினோகாலிஸ், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் பூவின் நடுவில் மெல்லிய சவ்வுக் கிண்ணம் இருக்கும். நம்முடையதில் கிண்ணம் கிடையாது. ஆறு ஒடுங்கிய வெள்ளை இதழ்கள், ஊதா ஓடிய மகரந்தக் காம்புகள், அவ்வளவுதான்.

இன்றைய வகைப்பாட்டில் வெங்காயமும் பூண்டும் இதே குடும்பம். ஆனால் இதன் கிழங்கில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. தின்றால் வாந்தி.

இந்தச் செடிபோல் மறுக்க எல்லாருக்கும் தெரிவதில்லை. எங்கள் உறவில் ஒருவர், யார் வந்து கேட்டாலும் சீட்டுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவார். தங்கமான மனுஷன் என்று ஊரே சொன்னது; கடைசியில் கொல்லை நிலத்தை விற்றவரும் அவர்தான். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்வதைக் கெட்ட குணமாகவே நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். கொஞ்சம் கசப்பு இல்லாதவன் நல்லவனாக நீடிப்பது கஷ்டம் என்றே எனக்குப் படுகிறது.

அதற்காகக் கசப்பையே கவசமாக நம்பிவிடவும் முடியாது. மழைக்காலத்தில் கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளியிட்ட புழுக்கள் கூட்டமாக வந்து இந்த இலையைத்தான் சுரண்டித் தின்னும். லில்லி அந்துப்பூச்சியின் புழுக்கள் அவை; இந்த நஞ்சு அவற்றுக்குச் சோறு. எதிரி எவனும் வரக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் கசந்துகொண்டிருப்பவர்களை நினைத்துக்கொள்வேன். அவர்களுக்கென்றும் ஒரு புழு வந்து சேர்கிறது.

அப்புறம், இந்தச் செடி முழுக்கக் கசப்பும் இல்லை. பொழுது சாய்ந்ததும் பூ விரிந்து வாசனை வாசல்வரை வரும். நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துப்பூச்சிகள் இருட்டில் தேன் தேடி வரும். இலையை ஊருக்கு மறுத்துவிட்டு, பூவை வேண்டியவர்களுக்குத் திறந்து வைக்கிறது. எதை மறுப்பது, எதைத் திறப்பது என்று பிரித்துவைக்கத் தெரியாமல்தான் நாம் எல்லாரிடமும் இனித்துவிட்டு வீட்டுக்குள் வந்து கசக்கிறோம்.

வளர்க்க நினைப்பவர்களுக்கு: கொத்துக் கொத்தாக விழும் பச்சை விதைகளை ஆழமாகப் புதைக்க வேண்டாம், ஈர மண்மேல் வைத்தாலே முளைக்கும். வாழைக்கும் சேம்புக்கும் தண்ணீர் போகிற இடம் போதும். புழு தெரிந்தால் கையால் பொறுக்கிப் போடுங்கள். கிழங்கைப் பிரித்து நட்டால் கையை நன்றாகக் கழுவுங்கள். பார்க்க வெங்காயம்போல இருப்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.