சிப்பிக் கணக்கும் ஒப்புரவும்

தீங்கு ஒன்று நேர்ந்தால் அதைச் செய்தவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பது அறம் பேசுவோரின் பொதுவான எண்ணம். களவு உண்டெனில் கள்வன் உண்டு. பொய் உண்டெனில் பொய்யன் உண்டு. ஆனால் பலர் கூடி வாழும் இடத்தில் ஒவ்வொருவரும் தத்தம் தொழிலை நேர்மையாகவே செய்துகொண்டிருக்க, அனைவர்க்கும் பொதுவான வளம் மட்டும் மெல்ல மெல்ல நலிந்து போகுமானால், அங்கே குற்றம் புரிந்தவர் யார்? இவ்வினாவை வெறும் சொல்லளவில் ஆராய்வதைவிட, பிரான்சு நாட்டின் மேற்குக் கரையிலுள்ள ஒரு விரிகுடாவில் வைத்து ஆராய்வது தெளிவு தரும்.

மரேன்–ஒலெரோன் என்பது அவ்விடத்தின் பெயர். ஒலெரோன் தீவு அட்லாண்டிக் பேரலைகளைத் தடுத்து நிற்கிறது. ஷாராந்து ஆறு உள்நாட்டு மண்ணின் சத்தைக் கொண்டுவந்து கடலில் சேர்க்கிறது. ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி வடிகிறது. இத்தகைய நீரில் பன்னெடுங்காலமாகச் சிப்பி வளர்த்து வருகின்றனர். முத்துச் சிப்பி அன்று. நம் கடற்கரையில் ஆளி என்று வழங்கும் உண்ணும் சிப்பி.

இத்தொழிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இறால் வளர்ப்போர் தீவனம் இடுகின்றனர். கோழி வளர்ப்போர் தானியம் இறைக்கின்றனர். சிப்பி வளர்ப்பவர் எதையும் இடுவதில்லை. வளர்ந்த சிப்பி ஒவ்வொன்றும் மணிக்குச் சில லிட்டர் கடல்நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்பாசியைச் செவுளால் வடித்து உண்டு வளர்கிறது. சிப்பி வளர்ப்பவருக்கு உரியது. படுகை அரசு அவருக்குக் குத்தகையாக விட்டது. ஆனால் சிப்பி உண்ணும் உணவோ எவருக்கும் உரியதன்று. ஒருவர் படுகையில் இன்று உண்ணப்பட்ட பாசி, அடுத்த ஓதத்தில் அண்டையார் படுகைக்குச் சென்றிருக்க வேண்டிய பாசி. வேலியிட இயலாத மேய்ச்சல் நிலம் அது.

அங்கே பெரிதும் வளர்க்கப்பட்டு வந்தது போர்த்துகீசியச் சிப்பி. (அது வந்த கதையே சுவையானது. 1868-இல் புயலுக்கு அஞ்சி ஜிரோந்து முகத்துவாரத்தில் ஒதுங்கிய கப்பலொன்று, இறந்துவிட்டன என்றெண்ணிக் கடலில் கொட்டிய சிப்பிகளின் வழிவந்தது என்பர்.) 1970 முதல் 1973 வரை பரவிய நோய் அவ்வினத்தையே அழித்துவிட்டது. அதன்பின் பசிபிக் சிப்பியை ஜப்பானிலிருந்தும் கனடாவிலிருந்தும் கொணர்ந்தனர். தொடக்கத்தில் அது விரைந்து வளர்ந்தது. வளர்ச்சியைக் கண்டவர்கள் மேலும் இட்டனர். பிறகு வளர்ச்சி தளர்ந்தது. விற்பனைக்குரிய பருமனை எட்ட முன்னினும் நெடுங்காலம் ஆயிற்று. நெடுங்காலம் ஆனமையால் நீரில் தங்கிய சிப்பியின் தொகை பெருகிற்று. தொகை பெருகியமையால் வளர்ச்சி இன்னும் தளர்ந்தது. வருவாய்க் குறைவை ஈடு செய்ய ஒரு மூட்டை கூடுதலாக இடுவோம் என்று குடும்பத் தலைவர் ஒருவர் எண்ணினால் அதைப் பேராசை எனலாமா? பிள்ளைகளைப் படிக்க வைக்க நினைப்பவர் எவரும் அவ்வாறே எண்ணுவர். ஆயினும் எல்லோரும் எண்ணிய அந்த ஒரு மூட்டைதான் விரிகுடாவைப் பட்டினி போட்டது.

இங்கேதான் சூழலியல் மாதிரி என்னும் கணக்கு நுழைகிறது. விரிகுடாவைச் சில பெட்டிகளாகப் பகுத்து, ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு ஓதம் எவ்வளவு நீரைக் கொண்டு செல்கிறது, கதிரொளியும் ஆற்றுச் சத்தும் எவ்வளவு பாசியை விளைக்கின்றன, சிப்பி எவ்வளவு உண்கிறது, எவ்வளவு மூச்சில் செலவிடுகிறது, எவ்வளவு கழிக்கிறது என்று சமன்பாடுகளாக எழுதிக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்ப்பதே அது. மரேன்–ஒலெரோனுக்கு இத்தகைய பெட்டி மாதிரி 1994-இல் வெளியாயிற்று. இதன் சாரத்தை மூன்று காலங்களின் ஒப்பீடாகச் சொல்லிவிடலாம். விரிகுடாவின் நீர் வெளியேறிப் புதுநீர் வர ஆகும் காலம் ஒன்று. பாசி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் காலம் ஒன்று. சிப்பிகள் அனைத்தும் சேர்ந்து அந்நீர் முழுவதையும் ஒருமுறை வடித்துவிடும் காலம் மற்றொன்று. மூன்றாவது மற்ற இரண்டினும் மிகக் குறுகிவிட்டால், இடப்படும் சிப்பி மிகலாம், விளைவு மிகாது.

இக்கணக்கின் அறப்பயன் யாது? தனி ஒருவரின் கண்ணுக்கும் மனச்சான்றுக்கும் புலப்படாத தீங்கை அது புலப்படுத்துகிறது. தம் மூட்டை எவரையும் வருத்தவில்லை என்று ஒருவர் சொன்னால், தனியே நோக்க அது உண்மையே. கூட்டிப் பார்த்தால்தான் பொய். ஆகவே கூட்டிப் பார்க்கும் கருவி வந்தபின், கூட்டிப் பார்க்காதிருத்தல் அறியாமை ஆகாது. அறியாமையை விரும்பிக் கொள்வதாகும். கணக்கு வருமுன் இல்லாத கடமை ஒன்று கணக்கு வந்தபின் பிறந்துவிடுகிறது என்பது என் துணிபு.

ஆனால் இதனால் கணிப்பொறியே அறங்கூறும் அவையம் ஆகிவிடாது. தாங்குதிறன் என்ற ஒரு சொல்லுக்குள் அறிஞர்கள் நான்கினை வேறுபடுத்துவர்: இடம் கொள்ளும் அளவு, விளைச்சல் உச்சம் பெறும் அளவு, பிற உயிர்கள் கெடாதிருக்கும் அளவு, மக்கள் ஏற்கும் அளவு. சிப்பிகள் உண்ணும் அதே பாசியைத்தான் நீரில் மிதக்கும் நுண்விலங்குகளும், காட்டுமட்டிகளும், பல உயிர்களின் குஞ்சுகளும் உண்கின்றன. மனிதனுக்கு உச்சவிளைச்சல் தரும் அளவு அவற்றுக்குப் பஞ்சமாக இருத்தல் கூடும். இந்நான்கில் எந்த அளவைக் குறியாகக் கொள்வது என்பதை எந்தச் சமன்பாடும் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் நுட்பமான இடம் ஒன்றுண்டு. பெட்டியின் எல்லையை எங்கே வரைவது? கடலோடு நிறுத்தினால் குறைக்க வேண்டியவர் சிப்பி வளர்ப்பவர் மட்டுமே. ஷாராந்து ஆற்றையும் உள்ளே சேர்த்தாலோ, கோடையில் மக்காச்சோளத்துக்கு ஆற்றுநீரை இறைக்கும் மேட்டுநில உழவரும் கணக்கினுள் வந்துவிடுகிறார். நன்னீர் குறைந்தால் அது கொணரும் சத்தும் குறையும். ஆய்வாளர் தாளில் இழுக்கும் ஒரு கோடு, யார்மீது சுமை விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. அக்கோட்டை அறிவியல் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுதல் நேர்மையன்று. மாதிரி காணாத கேடுகளும் உள. 2008-இல் பிரான்சின் இளஞ்சிப்பிகள் நச்சுயிரியால் கூட்டங்கூட்டமாக மாண்டன. உணவைக் கணக்கிட்ட மாதிரிகள் நோயைக் கணக்கிடவில்லை.

குறைக்க வேண்டும் என்று ஒப்பினும், எவர் பங்கில் எவ்வளவு? அனைவர்க்கும் பத்தில் இரண்டு பங்கு என்பது பார்வைக்குச் சமநீதி. பெரும்பண்ணையார்க்கு அது இலாபக் குறைவு. இரண்டு படுகை உடையவருக்கு அது அடுப்பெரியாமை. தந்தை வழி வந்தோர்க்கு முன்னுரிமை என்றால், நேற்று வந்த இளைஞர் ஒருவர் என்றும் வெளியார்தான். பிழைப்பைத் தேடி அயல்மாநிலம் வந்து, முன்னமே இருந்தவர்களின் வரிசைக்குப் பின்னால் நின்ற நம்மவர்க்கு இந்த நியாயத்தின் கூர்மை விளங்காமல் இராது.

இந்தியாவிலேயே ஒரு முயற்சியைக் காட்டலாம். கேரளத்தில் கொல்லத்தை ஒட்டிய அஷ்டமுடி ஏரியில் 1990-களின் தொடக்கத்தில் மட்டி வளம் விரைந்து சரிந்தது. மூழ்கி எடுப்போரும் அதிகாரிகளும் கொச்சியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாரும் கலந்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை, வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது, கிலோவுக்கு 1400-க்கு மேல் எண்ணிக்கை வரும் சிறுமட்டி ஏற்றுமதிக்கு ஆகாது என்று வகுத்தனர். 2014-இல் அம்மீன்பிடிப்பு நிலைபேற்றுக்கான பன்னாட்டுச் சான்றிதழ் பெற்றது; இந்தியாவில் முதன்முதல் பெற்றது அதுவே. இவ்விதிகளின் சிறப்பு அவற்றின் எளிமையில் இருக்கிறது. மட்டியை எண்ணிப் பார்க்கத் தெரிந்த எவரும் விதி காக்கப்பட்டதா என்று தாமே சோதிக்கலாம். அறிஞர் மட்டுமே படிக்கக்கூடிய கணக்குக்குக் கீழ்ப்படியச் சொல்வது ஆணை. தாமே சரிபார்க்கக்கூடிய கணக்கை ஏற்கச் சொல்வது ஒப்புரவு.

எனினும் அண்மை ஆண்டுகளில் அவ்வேரியில் மட்டி மீண்டும் அருகிவிட்டது. வலைக்கண்ணை அளந்து மூன்று மாதம் கைகட்டி இருந்தவர்கள் அந்த மூழ்குவோர். ஏரிக்குள் வந்து விழும் நகரக் கழிவு அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லை. விதி வகுக்கக் கூடிய அந்த அவையில் கழிவை விடுவோருக்கு நாற்காலி இடப்படவில்லை. ஷாராந்துக் கரையின் மக்காச்சோள உழவரைப் போலவே அவர்களும் பெட்டிக்கு வெளியே இருந்தனர்.