மூக்குக்குத் தெரியாத புகை

2015-ல் சுமத்ரா காட்டுத் தீயால் புகைமூட்டம் வந்தபோது நம்ம பள்ளிகளையே மூடினாங்க. எல்லாருக்கும் கோபம். மழை பெய்ததும் புகை போச்சு, கோபமும் போச்சு.

ஆனால் அந்தத் தீயில் எழுந்த கரியமில வாயு மழையோடு போகவில்லை. அதற்கு நிறமில்லை, மணமில்லை. சூரிய ஒளியை உள்ளே விடும். பூமி வெளியேற்றும் வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும். அதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றிலேயே தங்கும். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்காக இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

நம்ம ஏர்கோனுக்கு வரும் மின்சாரமும் பெரும்பாலும் நிலக்கரி, எரிவாயுவில்தான் உற்பத்தியாகிறது. "நான் ஒருத்தன் அடைச்சா மட்டும் என்ன ஆகப்போகுது?" என்று என்கூடப் படிக்கிறவங்க கேட்கிறாங்க. எஞ்சினியரிங் மாணவனாக நானும் ஒத்துக்கொள்கிறேன், ஒருத்தனின் பங்கு ரொம்பச் சின்னது. ஆனா அந்த 420-ம் இப்படிப்பட்ட பங்குகளைக் கூட்டி வந்ததுதானே?

அடுத்தவர் புகை நம்ம கண்ணை எரித்தால் அநியாயம் என்கிறோம். நாம விடும் வாயு, இன்னும் பிறக்காத பிள்ளைக்கு வெயிலாகவும் வெள்ளமாகவும் போய்ச் சேர்ந்தால் அதுக்கு என்ன பேரு? மாசக் கடைசியில் கரண்டு பில் கட்டிடுறோம். அந்தப் பிள்ளையின் கணக்கு அதில் வருவதில்லை.