நெஞ்சுக்கு ஒரு நாள்வழி

மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டால் லேசாகிவிடும் என்பது நம்மில் எல்லோர் வாயிலும் வரும் பேச்சு. படுக்கப்போகும் முன் தினமும் ஒரு பக்கம் எழுதுங்கள், டென்ஷன் குறையும் என்று சொல்லும் மருத்துவரும் யோகா ஆசிரியரும் இந்தக் கொட்டுதலை நினைத்துத்தான் சொல்கிறார்கள். மனம் ஒரு குடம், அன்றாடக் கவலை அதில் நிரம்பிய தண்ணீர், நோட்டுப்புத்தகம் அதைக் கவிழ்க்கும் இடம். உவமை எளிதாக இருப்பதாலேயே நம்பிவிடுகிறோம். அது சரியென்றால், ஆளில்லாத மொட்டைமாடியில் நின்று கத்தினாலும் அதே பலன் கிடைக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், குடத்தைக் கவிழ்க்கும் கை யாருடையது என்பது. கவலைப்படுவதும் மனம், எழுதுவதும் மனம், எழுதியதைப் படிப்பதும் அதே மனம் என்றால், அது தன்னைத்தானே எப்படி இறக்கிவைக்கும்? நாட்குறிப்பு தரும் ஆறுதல் கொட்டுவதால் வருவதில்லை, மனம் சொல்பவராகவும் கேட்பவராகவும் இரண்டாகப் பிரிவதால் வருகிறது என்பது என் எண்ணம்.

கொட்டுதல் கொள்கைக்கு எதிரான சாட்சி, எழுதுவதால் மனம் தேறுமா என்று ஆராயும் துறையின் தொடக்ககால ஆய்விலேயே கிடைக்கிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் 46 கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள், மற்றவர்கள் வாழ்வில் பட்ட பெரிய துயரத்தை. துயரத்தை எழுதியவர்கள் எழுதிமுடித்த கையோடு லேசாகிவிடவில்லை. அவர்கள் மனநிலை முன்பைவிட மோசமாகியிருந்தது. வித்தியாசம் தெரிந்தது அடுத்து வந்த மாதங்களில்தான். நடந்ததையும் அதனால் எழுந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவ நிலையத்துக்குப் போவது குறைந்தது. உணர்வை மட்டும் எழுதியவர்களிடம் அந்தக் குறைவைக் காணவில்லை. பின்னாளில் பென்னிபேக்கர் இத்தகைய எழுத்துகளின் சொற்களை எண்ணிப்பார்த்தபோது, காரணம் தேடும் சொற்களும் புரிந்துகொண்டதைக் காட்டும் சொற்களும் நாளுக்கு நாள் கூடிவந்தவர்களே அதிகம் தேறியிருந்தார்கள். காலியான குடத்தின் அடையாளமல்ல இது. பலனை ஊதிப் பெருக்கவும் வேண்டாம். 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஜோஆன் ஃப்ராட்டரோலி, பலன் உண்டு, ஆனால் சிறியது என்றே 2006-இல் எழுதினார்.

ஒரு வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஆபீஸிலிருந்து வந்த ஒருவர், 'மேனேஜர் என்னை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினார்' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தலைக்குள் ஓடியபோது போதுமாயிருந்த வாக்கியம், தாளில் ஏறியதும் அரைகுறையாகத் தெரிகிறது. என்ன செய்தார்? பேசிக்கொண்டிருக்கும்போதே 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஃபைலை மூடினார். எல்லார் என்றால் யார் யார்? மூன்று பேர். அதில் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் ஒன்றும் போய்விடவில்லை. ஆனால் அவமானம் என்ற அந்தப் பெரிய சொல்லுக்குள் மூடிய ஃபைல் ஒன்றும் மூன்று பேரும் இருப்பது தெரிந்துவிட்டது. இந்தக் கேள்விகளைக் கேட்டது யார்? தாளுக்கு வாய் கிடையாது. எழுத உட்கார்ந்ததுமே, நடந்தது தெரியாத ஒருவருக்குச் சொல்லும் கட்டாயம் வந்துவிடுகிறது. அந்த ஒருவர் வேடத்தையும் மனமே கட்டிக்கொள்கிறது. ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் தமக்கென்று கிரேக்க மொழியில் எழுதிவைத்த குறிப்புகளில் பெரும்பாலும் தம்மை 'நீ' என்றே அழைக்கிறார். அவற்றில் சில டான்யூப் எல்லைப் போர்முகாம்களில் எழுதியவை. அதிகாரம் முழுவதும் கையிலிருந்தவருக்கு, தம்மைக் கண்டித்துப் பேச ஆள் கிடைப்பது கஷ்டம்தான். தமிழுக்கு இது பழகிய வழி. குறளின் காமத்துப்பாலில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, நெஞ்சிடம் சொல்வதற்கு. 'நெஞ்சொடு புலத்தல்' என்று இன்னொன்றும் இருக்கிறது, அதே நெஞ்சோடு பிணங்குவதற்கு. நம்மாழ்வார் பெரிய திருவந்தாதியை நெஞ்சை விளித்தே தொடங்குகிறார். உமாபதி சிவாச்சாரியாரோ நெஞ்சையே தூது அனுப்பினார். அந்த நெஞ்சுவிடு தூது, சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கில் ஒன்று. காதலுக்கும் பக்திக்கும் பிறந்த பேச்சை ஆபீஸ் கவலைக்கு இழுத்துவருவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பேசும் நெஞ்சு ஒன்றுதானே.

எல்லா எழுத்தும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று சொல்லமாட்டேன். 2018-இல் மைக்கேல் ஸ்கல்லினும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் மறுநாள் வேலைகளைப் பட்டியல் போட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். இது சுத்தமான இறக்கிவைத்தல்தான். கேஸ் புக் பண்ண வேண்டும், பள்ளிக்கட்டணம் கட்ட வேண்டும் என்பதைத் தாள் நினைவில் வைத்துக்கொள்ளும். காயத்தைத் தாளிடம் அப்படி ஒப்படைத்துவிட முடியாது.

எழுதுவது பழைய புண்ணைச் சொறிவதாகாதா என்பது நியாயமான ஆட்சேபம். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் 1847-இல், பதினெட்டு வயதில் தொடங்கிய நாட்குறிப்பை இடைவெளிகளோடு 1910-இல் சாகும்வரை எழுதினார். தமக்கு விதிகள் போடுவார், மீறுவார், மீறியதற்குத் தம்மைத் திட்டி எழுதுவார், மறுபடி விதி போடுவார். கல்யாணத்துக்கு முன் 1862-இல் அதை மணப்பெண் சோஃபியாவிடம் படிக்கக் கொடுத்தார். அந்த அதிர்ச்சி சோஃபியாவைக் கடைசிவரை விடவில்லை. வயதான காலத்தில் டால்ஸ்டாய் எழுதியதை மனைவியும் சீடர்களும் படித்தார்கள். அதனால் 1910-இல் தமக்கு மட்டும் என்று இன்னொரு நாட்குறிப்பை ஒளித்துவைத்து எழுத வேண்டிவந்தது. கேட்கிறவர் இடத்தில் வெளியாள் வந்து உட்கார்ந்தால் அங்கே நடப்பது வழக்காடுதல். ஆனால் சுழன்று சுழன்று அதே இடத்துக்கு வருவதற்கு இது மட்டும் காரணமில்லை. செட்டிநாட்டுக் கணக்கில் அன்றன்றைய வரவு செலவை நாள்வழியில் எழுதுவார்கள். பிறகு அதைப் பேர்பேராகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். நாள்வழியை மட்டும் எழுதிக்கொண்டே போனால் யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பது தெரியவே தெரியாது. நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நாள்வழியோடு நின்றுவிடுகிறார்கள். மாதம் ஒருமுறையாவது பின்னால் புரட்டி, இந்தக் கோபம் யார் பேரில், இந்தப் பயம் எதன் பேரில் என்று பிரித்து ஏற்றினால், கேட்கிறவர் அப்போதுதான் முழுதாக வேலை செய்கிறார்.

பன்னிரண்டு மணிநேர ஷிஃப்டும் வாடகை உயர்வும் தரும் கவலைக்கு நோட்டுப்புத்தகம் கொடுப்பது மயக்கமருந்து கொடுப்பது அல்லவா என்று கேட்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. நிறுவனமே ஊழியருக்கு அழகான டயரி ஒன்றைக் கொடுத்து மனநலம் பேணச் சொல்லும்போது சந்தேகப்படுவதே சரி. மீதிப் பாதிக்குப் பதில் அந்தப் பேரேட்டில் இருக்கிறது. நான்கு மாதமும் தூக்கம் கெட்டது தவணைத் தேதிக்கு முந்திய இரவில்தான் என்று தேதியோடு நிற்கும் பக்கம், 'என் சுபாவமே பயந்த சுபாவம்' என்ற பொய்யை உடைக்கும். குறை எங்கே இருக்கிறது என்று தெரியாதவரைத்தான் எளிதாக மயக்க முடியும்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கனமாகப் படுவது ரமணர் வழியில் எழும் ஆட்சேபம். 'நான் யார்?' நூலில் தத்துவங்களை எண்ணி ஆராய்வதைப் பற்றி ஓர் உவமை வருகிறது. கூட்டித் தள்ள வேண்டிய குப்பையை ஒருவர் ஆராய்ந்து பார்ப்பதால் பயன் என்ன என்பது அதன் சாரம். அப்படியானால் அன்றாட எரிச்சலைத் தேதிபோட்டுச் சேர்த்துவைப்பது குப்பைக்கு அட்டை போடுவதாகிவிடும். 'நான், எனக்கு, என்னை' என்று பக்கம் பக்கமாக எழுதும்போது கொழுப்பது அகந்தைதான் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அந்த நூலே எழுத்தில் பிறந்தது. திருவண்ணாமலையில் பேசாமலிருந்த இளம் ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு விடைகள் எழுத்தாகவே வந்தன. எண்ணம் எழும்போது அதன் பின்னால் ஓடாமல், இது யாருக்கு எழுந்தது என்று கேள் என்பது அங்கே சொல்லப்படும் பயிற்சி. தலைக்குள் புகைந்துகொண்டிருக்கும் எண்ணத்தை நிறுத்தி அப்படிக் கேட்பது சாதகர்களுக்கே கடினம். தாளில் அது ஓடாமல் நிற்கிறது. போன வாரம் 'நான் செத்தேன்' என்று எழுதிய வரியை இந்த வாரம் படிக்கிறவர் அந்த 'நான்' இல்லை. மூடிய ஃபைலும் மூன்று பேரும் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள், அவமானப்பட்டவரைத்தான் காணோம். அவர் எங்கே போனார் என்று கேட்கத் தோன்றினால், அதற்குப்பின் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாலும் நஷ்டமில்லை.