அன்னமும் அடியவனின் மனமும்

சாந்தோக்யோபநிஷத்தின் ஆறாம் ப்ரபாடகத்தை ஸத்வித்யை என்று நம் பூர்வாசார்யர்கள் கொண்டாடுவர். ஜகத்துக்குக் காரணமான வஸ்து எது என்று நிரூபிக்கும் அந்தப் பெரிய விசாரத்தின் நடுவே ஒரு சோதனை வருகிறது. உத்தாலகர் தம் குமாரரான ச்வேதகேதுவைப் பதினைந்து நாள் உண்ணாதிருக்கும்படி நியமிக்கிறார். தண்ணீர் மட்டும் வேண்டிய அளவு பருகலாம். அதன் பிறகு, கற்ற ரிக்குகளையும் யஜுஸ்ஸுகளையும் ஸாமங்களையும் சொல்லச் சொல்கிறார். பன்னிரண்டு ஆண்டு குருகுலத்தில் ஓதி, அந்தக் கல்வியின் செருக்கோடு வீடு திரும்பிய பிள்ளை அவர். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. உண்டுவிட்டு வா என்று தகப்பனார் அனுப்புகிறார். உண்டு வந்தபின் கேட்டதையெல்லாம் தடையின்றிச் சொல்கிறார். பெருநெருப்பில் மின்மினி அளவுக்கு ஒரு கனல் மட்டும் எஞ்சியிருந்தால் அது எதையும் எரிக்காது. அதற்குப் புல்லையிட்டு வளர்த்தால் மீண்டும் மூண்டெழும். மனமும் அவ்வாறே என்பது உத்தாலகர் காட்டும் த்ருஷ்டாந்தம். உண்ட அன்னத்தில் தடித்த பாகம் மலமாகிறது, நடுப்பாகம் மாம்ஸமாகிறது, மிக நுண்ணிய பாகம் மனமாகிறது என்பது அங்கே செய்யப்படும் உபதேசம்.

பசித்தால் சோர்வு வரும் என்பது எல்லோரும் அறிந்ததே. இதற்கு உபநிஷத் வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். சோர்வு மட்டும் வந்திருந்தால் அந்தக் கேள்வி நியாயம். ச்வேதகேது இழந்தது வேதத்தின் நினைவை. எதைத் தன்னுடையது என்று எண்ணிச் செருக்கினாரோ, அது ஒரு பிடி சோற்றை அண்டி நின்றது என்று அவருக்குக் காட்டப்பட்டது. கல்வியால் வந்த அஹங்காரத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்தை அடியேன் அறியேன்.

இந்தச் சோதனைக்கு ஒப்பான ஒன்று, இதை நோக்காமலே, நம் காலத்துக்கு அருகில் நடந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், பட்டினியால் நலிந்த ஐரோப்பிய மக்களை எவ்வாறு தேற்றுவது என்று அறிவதற்காக அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸெல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞர்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார். அவர்கள் மனச்சாட்சியின்பேரில் போர்த்தொழிலை மறுத்தவர்கள். தாமே முன்வந்து இதற்கு இசைந்தவர்கள். 1945-ஆம் ஆண்டில் 24 வாரங்கள் அவர்களுக்கு அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. உடல் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. உடலைவிட மனத்தில் நேர்ந்ததே நம் விஷயத்துக்கு வேண்டியது. சாந்தமான சுபாவம் உள்ளவர்கள் சிடுசிடுத்தார்கள். சிலரை ஆழ்ந்த விஷாதம் பற்றியது. நண்பரோடு பேசுவதிலும், படிப்பதிலும், முன்பு அவர்களை ஆட்கொண்டிருந்த உயர்ந்த நோக்கங்களிலும் பற்றுக் குறைந்தது. எண்ணம் முழுதும் உணவையே சுற்றியது. சமையல் நூல்களை வாங்கி வைத்துப் படித்தவர்களும் உண்டு. கொல்லாமை என்னும் தர்மத்துக்காக ஊராரின் நிந்தையைப் பொறுத்த மனிதர்களுக்கு இந்த நிலை வந்தது. ஆய்வின் விவரங்கள் 1950-இல் இரு பெரும் பாகங்களாக வெளிவந்தன. மூளை உடல் எடையில் ஏறக்குறைய நூற்றில் இரண்டு பங்கே. ஆயினும் ஓய்ந்திருக்கும் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது என்று உடற்கூற்று நூலார் கூறுவர். உத்தாலகர் சொன்ன கனல் எத்தனை விறகு கேட்கிறது என்பதற்கு இது ஒரு கணக்கு.

இல்லாமையால் வரும் கேட்டைப் போலவே, உண்பதன் வகையால் வரும் கேடும் உண்டு. மாவுப்பொருளையும் சர்க்கரையையும் தனித்து உண்டால் ரத்தத்தில் சர்க்கரை விரைந்து ஏறுகிறது. அதை அடக்க இன்ஸுலின் மிகுதியாகச் சுரக்கிறது. ஏறியது பலருக்கு வேகமாக இறங்குகிறது. இறங்கும்போது சோம்பலும் எரிச்சலும், மீண்டும் இனிப்பைத் தேடும் வேட்கையும் தோன்றுகின்றன. அதே அரிசிச் சோற்றைப் பருப்போடும் கறியமுதோடும் தயிரோடும் உண்டால் ஏற்றமும் இறக்கமும் தணிகின்றன. 2019-இல் அமெரிக்க தேசிய ஆரோக்கிய நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரும் அவருடைய குழுவினரும் 20 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் ஆகியவை ஒத்திருக்குமாறு அமைத்து, வேண்டிய அளவு உண்ணலாம் என்று விட்டார்கள். ஆலை உணவை உண்ட வாரங்களில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி அதிகமாக உண்டார்கள். ஒருவரும் அவர்களை வற்புறுத்தவில்லை. ஆசை தன்னுடையது என்றே ஒவ்வொருவரும் எண்ணியிருப்பர்; ஆனால் அந்த ஆசையின் அளவு உணவின் வகையைப் பொறுத்தே ஏறி இறங்கியது.

காப்பியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. வெங்காயமும் பூண்டும் தளிகையறைக்குள் புகாதபடி காக்கும் திருமாளிகைகளிலும் காப்பிக்குத் தடை இல்லை. காப்பியில் உள்ள கஃபீன் பாதியளவு உடலை விட்டு நீங்கவே ஐந்து மணிநேரம் அளவில் ஆகும். நாள்தோறும் பருகிப் பழகியவர் ஏகாதசியன்று அதை நிறுத்தினால் அன்றே தலைவலியும் சிடுசிடுப்பும் வரும். உபவாஸம் தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வருந்துகிறவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது காப்பியின் பிரிவே. இதைத் தூஷணையாகச் சொல்லவில்லை. காரணத்தைச் சரியாக அறிந்தால்தான் பரிஹாரமும் சரியாகும். அவ்வாறே, மரக்கறி உணவை மட்டும் கொள்ளும் நம்மவர்க்குப் பி12 என்னும் சத்துக் குறையக்கூடும். பால், தயிர், மோர் இவற்றையும் விட்டவர்க்கு அது இன்னும் எளிதில் குறையும். அதனால் வரும் களைப்பையும் மறதியையும் மனச்சோர்வையும் முதுமை என்றோ, பக்தியின் குறை என்றோ எண்ணிக் கிடப்பது தகாது. வைத்தியரிடம் காட்ட வேண்டியது.

இனி ஸ்ரீபாஷ்யத்துக்கு வருவோம். முதல் ஸூத்ரத்தின் வ்யாக்யானத்திலேயே எம்பெருமானார், வாக்யகாரரின் திருவாக்கைக் கொண்டு, பக்தியாகிற த்யானம் ஸித்திப்பதற்கு ஏழு ஸாதனங்களை அருளிச்செய்கிறார்: விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம். விவேகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நித்யம் எது அநித்யம் எது என்று பகுத்தறியும் அறிவே நினைவுக்கு வரும். இங்கே பொருள் அதுவன்று. ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்னும் மூன்று தோஷங்களும் இல்லாத அன்னத்தால் சரீரம் சுத்தமாவதே விவேகம். பட்டியலின் முதலில் நிற்பது சோறு. கடைசியில் நிற்கும் இரண்டும் மனநிலைகள். அநவஸாதமாவது தேச காலங்களின் விபரீதத்தாலும், துக்கமானவற்றை நினைப்பதாலும் வரும் மனச்சோர்வு இல்லாமை. அநுத்தர்ஷமாவது அளவு மீறிய களிப்பு இல்லாமை. சோர்வும் தடை, துள்ளலும் தடை என்று இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தார். முதலில் உள்ள அன்னத்துக்கும் முடிவில் உள்ள இந்தச் சமநிலைக்கும் தொடர்பு உண்டு என்று கொள்வதில் பிசகில்லை என்றே அடியேனுக்குத் தோன்றுகிறது. கீதையின் பதினேழாம் அத்யாயத்தில் எம்பெருமான் உணவை மூன்றாகப் பிரிக்கும்போதும், ஆயுளையும் பலத்தையும் ஸுகத்தையும் ப்ரீதியையும் வளர்ப்பது ஒன்று, துக்கத்தையும் நோயையும் தருவது மற்றொன்று என்று பயனைச் சொல்லிப் பிரிக்கிறான். ஆறாம் அத்யாயத்தில் மிகுதியாய் உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணவே உண்ணாதவனுக்கும் இல்லை என்கிறான்.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. மனம் அன்னத்தைப் பொறுத்தது என்றால், பசியில் சினந்து பேசியவன் குற்றவாளியா? சினந்தது அவனா, அவனுடைய வெறுவயிறா? குற்றம் முழுவதையும் வயிற்றின்மேல் ஏற்றினால் தர்மாதர்ம விசாரமே வீணாகிவிடும். வயிற்றுக்கு ஒரு பங்கும் இல்லை என்றால் ச்வேதகேதுவின் கதை வீணாகிவிடும்.

நம் தர்சனத்தில் இதற்கு இடம் இருக்கிறது. மனம் ஸாத்விக அஹங்காரத்திலிருந்து தோன்றிய இந்த்ரியம். அன்னம் அதைப் போஷிக்கிறது. ஆத்மா அந்த மனமும் அன்று, அன்னத்தால் ஆவதும் அன்று; ஜ்ஞாநாநந்த ஸ்வரூபமாய், எம்பெருமானுக்கு சேஷமாய் இருப்பது. ஆகவே அன்னம் தொடுவது கருவியை. தச்சனின் உளி மழுங்கினால் வேலை கெடும். ஆனாலும் உளியைத் தீட்டி வைத்திருக்க வேண்டியவன் தச்சனே. சினம் பொங்கிய அந்த நொடியில் ஒருவனுக்கு ஸ்வாதந்த்ர்யம் குறைவாக இருந்திருக்கலாம். காலையில் எதை உண்பது, எதை விடுவது, எப்போது நிறுத்துவது என்ற நேரத்தில் அது குறையவில்லை. நாளைய மனத்தின் ஒரு பகுதியை இன்றைய இலையில் பரிமாறிக்கொள்கிறோம். பொறுப்பு அங்கே தொடங்குகிறது.

இதைத் தன் விஷயத்தில் கண்டிப்பாகவும் பிறர் விஷயத்தில் இரக்கமாகவும் கொள்வதே முறை. நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. த்வாதசியன்று விடியுமுன் எழுந்து, தானும் முதல் நாள் முழுதும் உண்ணாதிருந்து, வீட்டார் எல்லோருக்கும் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் சேர்த்துப் பாரணைத் தளிகை செய்து, எல்லோரும் அமுது செய்தபின் கடைசியில் இலையில் அமரும் ஸ்த்ரீயின் முகத்தில் சிறிது சுளிப்புத் தென்பட்டால், அவளுக்குப் பொறுமை போதாது என்று முதலில் உண்டு முடித்தவர்கள் சொல்கிறார்கள். உபநிஷத் அவர்கள் வீட்டு அடுக்களையிலேயே நிரூபணமாகிக்கொண்டிருப்பதை அவர்கள் காண்பதில்லை. விரும்பி ஏற்காத பசியோடு வாழ்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஸாத்விக ஆஹாரத்தின் பெருமையை அவர்களிடம் பேசுமுன் ததீயாராதனத்தின் பந்தி அவர்கள்வரை நீள வேண்டும்.

ஆஹார சுத்தியே அஹங்காரத்துக்கு ஆஹாரமாகிவிடுவதும் உண்டு. காஞ்சியில் இளையாழ்வாராய் எழுந்தருளியிருந்த காலத்தில் எம்பெருமானார், பேரருளாளனுக்கு ஆலவட்டக் கைங்கர்யம் செய்துவந்த திருக்கச்சிநம்பியின் அமுது செய்த சேஷத்தைப் பெற விரும்பி, அவரைத் தம் திருமாளிகைக்கு அழைத்தார். நம்பி அவதரித்தது வைச்ய குலத்தில். இளையாழ்வார் அவரை எதிர்கொள்ளப் போன வேளையில் நம்பி வேறு வழியாக வந்து, கைங்கர்யத்துக்கு நேரமாயிற்று என்று விரைந்து அமுது செய்து சென்றார். தேவியாரான தஞ்சமாம்பாள் அந்த இலையை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, தாமும் நீராடி, புதிதாகத் தளிகை செய்தார். திரும்பி வந்து கண்ட உடையவரின் திருவுள்ளம் நொந்ததைக் குருபரம்பரை கூறுகிறது. அம்மையார் செய்தது அவர் கற்ற ஆசாரத்துக்குப் பழுதில்லாதது. ஆச்ரய தோஷம் என்னும் சொல்லை அவர் தெருவும் பிறப்பும் கொண்டு அளந்தார். உடையவரோ, யார் கைபட்டால் அன்னம் பாவனமாகும் என்று கொண்டு அளந்தார். பின்னாளில் மூன்று தோஷங்களையும் ஸ்ரீபாஷ்யத்தில் எழுதியவர் அவரே என்பதை மறவாமல் அந்தப் பங்க்தியைப் படிக்க வேண்டும். துர்யோதனன் மாளிகையில் உண்ண மறுத்து விதுரர் இல்லத்தில் அமுது செய்த கண்ணனும் இதையே காட்டினான். அன்பிருந்தால் உண்ணலாம், ஆபத்திருந்தால் உண்ணலாம். உன்னிடம் அன்பில்லை, எனக்கு ஆபத்துமில்லை என்பது அவன் அங்கே சொன்னதன் கருத்து.

ப்ரபந்நனுக்கு எம்பெருமானே உபாயம், அன்னநியமம் உபாயமாகாது. அப்படியிருந்தும் ஸ்வாமி வேதாந்த தேசிகன் கொள்ளத்தக்கவற்றையும் தள்ளத்தக்கவற்றையும் விரித்து ஆகார நியமம் என்றே ஒரு தமிழ்ப் பிரபந்தம் அருளிச்செய்தார். மோக்ஷத்தை வாங்குவதற்கு விலையாக அன்று. அவனுக்குக் கண்டருளப்பண்ணி அந்த ப்ரஸாதத்தால் வளரும் சரீரமும் மனமும் கைங்கர்யத்துக்கு உரியவை, ஆதலால் அவற்றைக் கெடுப்பது அவன் உடைமையைக் கெடுப்பதாகும் என்றே அடியேன் கொள்வது. வேட்கையைப் பற்றியும் ஆழ்வார்கள் காட்டும் வழி அதை உலர்த்துவதன்று. திருக்கோளூர்ப் பதிகத்தின் முதற்பாட்டில் சோறும் நீரும் வெற்றிலையும் எல்லாம் கண்ணனே என்று கண்ணீர் மல்கும் பெண்பிள்ளைக்குப் பசியும் தாகமும் அற்றுப்போகவில்லை. அவை போய்ச் சேரும் இடம் மாறியது. ஆண்டாளின் ஆய்ச்சியர் இரண்டாம் பாசுரத்தில் நெய்யும் பாலும் விடுகிறார்கள்; இருபத்தேழாம் பாசுரத்தில் முழங்கை வழிய நெய் பெருகும் பாற்சோற்றை அவனோடு கூடியிருந்து உண்ணக் கேட்கிறார்கள். விட்டது நெய்யின்மேல் வெறுப்பால் என்றால் இந்த இரண்டு பாசுரங்களும் ஒரே நோன்பில் இடம்பெற்றிரா.

திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் ஸமர்ப்பிப்பதாக நாச்சியார் நேர்ந்துகொண்டார். அந்த ப்ரார்த்தனையைப் பின்னாளில் நிறைவேற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வாயால் அண்ணன் என்று அழைக்கப்பெற்றவர், விவேகத்துக்கு லக்ஷணம் எழுதிய அதே உடையவர்.